கருப்பன் குடும்பம், நான்கு பேர்

அன்று அந்தக் கூட்ட அறையில் ஏழு பேர் இருந்தோம். எங்கள் முதலாளி, அவரை எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பெம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றை வாங்கியிருந்த நில நிறுவனத்தின் மேலாளர். அந்தத் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் பேரேடு எழுதிய கிராணி. தோட்டத்து மக்கள் சார்பில் மாரிமுத்து. எங்கள் டீம் லீடர். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் மவுஸைப் பிடித்துக்கொண்டு நான். ஏழாவது ஆள் பூவாயி அக்கா. தேநீர் கொண்டுவந்து ஆளுக்கொரு கோப்பை வைத்துவிட்டுப் போனவர். கூட்டக் குறிப்பில் ஆறு பேர் என்றுதான் இருக்கிறது. அந்தக் குறிப்பை எழுதியவனும் நான்தான்.

போன மாதம் லீடர் போன் செய்தார். "அண்ணே, புதுசா அஞ்சு பேரு சேர்ந்திருக்காங்க. உங்க அனுபவத்த கொஞ்சம் எழுதிக் குடுங்க. நல்லதா ரெண்டு விஷயம் இருந்தா போதும்."

நல்லதாக இரண்டு விஷயம் தேடினேன். இந்த ஏழு பேரைத் தாண்டி என் புத்தி போகவில்லை. நல்லதை வேறு யாராவது எழுதட்டும்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன். மலாக்கா டவுனில் ஒரு கணினிக் கடையில் பெட்டி தூக்கினேன், பிறகு அங்கேயே கழற்றி மாட்டக் கற்றேன், பிறகு யாரோ விட்டுப்போன பழைய புத்தகங்களை வைத்து ஜாவா கற்றேன். சான்றிதழ் என்று காட்ட ஒரு காகிதம் கிடையாது. டிகிரி படித்தவர்கள் நடுவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்கு என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். எதைக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் வந்தபின் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். ஆபீசில் எனக்கு டவுட் அண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இதை எழுதும்போதுகூட யார் மனமாவது நோகுமோ என்று மூன்று தடவை கிழித்துப் போட்டாயிற்று. அதனால் நிறுவனங்களின் பெயரைப் போடவில்லை.

வேலை இதுதான். தோட்டத்தை விற்றாகிவிட்டது. தோட்டத் தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள். அங்கே இருந்தவர்களுக்கு டுரியான் துங்கால் போகிற வழியில் வரிசை வீடு கட்டியிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு, காசில்லாமல். அந்த மேலாளருக்குக் கிராணியின் பேரேடு நூற்றுக்கணக்கான வரிகளோடு ஒரே நீளமாக வேண்டாம். குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒரு இணையப் பக்கத்தில், தலைப்பைச் சொடுக்கினால் திறக்கிற மாதிரி வேண்டும். அதற்கு எங்களைப் பிடித்தார்.

இதில் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். பக்கத்தில் அட்டவணை போட நாம் பயன்படுத்துகிற அந்த டேபிள் நிரலுக்குக் குடும்பம் என்றால் என்ன என்று தெரியாது. கொடுக்கிற பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். இந்த வரியில் நாம் சொன்ன இடத்தில் இருப்பதும், மேல் வரியில் இருந்ததும் ஒன்றா என்று பார்க்கும். வேறு என்றால் ஒரு தலைப்பு போடும். அவ்வளவுதான் அதன் மூளை. எதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வது நம் மூளை.

பேரேட்டில் தோட்டத்தில் வேலை பார்த்த ஆட்கள் மட்டும்தான், படிக்கிற பிள்ளைகள் கிடையாது; குடும்ப எண் என்றும் ஒன்று இல்லை. பெயர், அடையாள அட்டையின் ஐசி எண், துணைவர் ஐசி எண், வேலை. லயத்து வீட்டு எண் என்றும் ஒரு பத்தி இருந்தது, ஆனால் பாதி காலி, மீதி பழசு. லீடர் என் மேசைக்கு வந்தார். மலாக்கா டவுனிலேயே பிறந்து வளர்ந்த பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், வேலையில் எனக்கு மேல்.

"அண்ணே, எத வச்சு குரூப் பண்றது?"

"பேர வச்சே பண்ணலாம்" என்றேன்.

"எப்படி?"

"நம்ம பேர்லதான் அப்பா பேரு ஒட்டிக்கிட்டே வருதே. கணவன் மனைவி ரெண்டு பேரும் இருந்தா அது ஒரு குடும்பம். துணை இல்லாதவங்கள அப்பா பேருக்குக் கீழ போட்டுடலாம். கல்யாணம் ஆகாத பிள்ளைங்க அப்பா அம்மாகிட்டதானே இருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. "இதெல்லாம் படிச்சு வராது அண்ணே."

அந்த ஒரு வார்த்தையை மூன்று நாள் மனதில் வைத்துச் சுவைத்தேன். சான்றிதழ் இல்லாதவனுக்கு அப்படிப்பட்ட வார்த்தை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது. விதியை எழுதி, வரிசைப்படுத்தி, ஓட்டிப் பார்த்தேன். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று அழகாக அடுக்கி வந்தது. நம்மவர்களின் பெயர் முறையை நான் கணினிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு கர்வம்.

சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது, தப்பான இடங்களில் எல்லாம் வந்தது. அந்த வாரத் திங்கட்கிழமை, இரண்டு பேருக்கு ஒரே ஐசி எண் இருக்கிறது என்று கத்தி, அரை நாள் எல்லோர் வேலையையும் நிறுத்தினேன். பார்த்தால் நான் வேறு பத்தியைப் படித்திருந்தேன். புதன்கிழமை, மொத்த எண்ணிக்கை கூடுதலாக வருகிறது என்று தவுக்கே அறைக்கே போய்ச் சொன்னேன். தலைப்பு வரிகளையும் சேர்த்து எண்ணியிருந்தேன். தவுக்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது திட்டுவதைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை கூட்டம். காலையில் பூவாயி அக்கா என் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கத் தன் பெயரில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்றதும் எங்கள் ஆபீசில் கூட்டித் துடைக்கவும் தே கலக்கவும் சேர்ந்தார். புருஷன் லெட்சுமணன் மூன்று வருடம் முன்பு இறந்துவிட்டார். லயத்தில் பத்தொன்பதாம் நம்பர் வீட்டில் பள்ளியில் படிக்கும் மகளோடு இருந்தார். இருபத்திரண்டு வருடமாக அதே வீடு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வருடமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்த மனுஷிதானே.

"தம்பி, இன்னிக்கு எங்க தோட்டத்து லிஸ்டுதானே காட்டுறீங்க. என் பேரு இருக்கா பாரேன்."

தேடல் பெட்டியில் அவர் பெயரை அடித்தேன். ஒரே ஒரு வரி நின்றது. பூவாயி, அப்பா பெயர் கருப்பன். அதற்கு மேலே தலைப்பு: கருப்பன்.

"இருக்கு அக்கா."

"நல்லா பார்த்தியா? நீ பூட்டையே நாலு தடவ இழுத்துப் பாக்குற ஆளு. இத ஒரு தடவையோட விட்டுட்ட."

"இருக்கு அக்கா, கருப்பன் மகள் பூவாயின்னு சரியா இருக்கு."

"அப்ப சரி. ஒனக்கு இன்னிக்கு சீனி கம்மியா போடுறேன். முகம் ஊதிப்போய் இருக்கு."

கருப்பன் மகள் பூவாயிக்கு மேலே கருப்பன் என்று தலைப்பு. நம்ம கண்ணுக்கு அதில் என்ன தப்பு தெரியும்? அப்பா பெயரும் மகள் பெயரும் பொருந்துகிறது. பொருந்தியதால்தான் நான் மேலே பார்க்கவில்லை. பெயர் இருக்கிறதா என்று அவர் கேட்டார், இருக்கிறது என்றேன். எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கூட்ட அறை வாசலில் லீடர் என்னை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு டவுட் எதுவும் வேணாம் லா. இருந்தா எழுதி வைங்க, சாயந்திரம் பேசிக்கலாம்" என்றார். அவர் மேல் தப்பில்லை. திங்களும் புதனும் நான் செய்ததற்கு வேறு யாராக இருந்தாலும் என்னை அறைக்கு வெளியே உட்கார வைத்திருப்பார்கள்.

பக்கத்தைத் திரையில் போட்டேன். தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே இருக்கும் ஆட்கள் மடித்து வைத்த மாதிரி மறைந்திருந்தார்கள். அப்படித்தான் கேட்டிருந்தார்கள், பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று.

"மொத்தம் எத்தன குடும்பம்?" என்றார் மேலாளர். நம்ம ஆள்தான், கோலாலம்பூரிலிருந்து வந்தவர். சட்டைக் கைகளை மடிக்காமல் உட்காருகிற ரகம்.

"எண்பத்து நாலு சார்" என்றார் லீடர்.

"நாங்க கட்டி வச்சிருக்கிறதும் எண்பத்து நாலு." அவர் தவுக்கே பக்கம் திரும்பி மலாயில் அதையே ஒருமுறை சொன்னார். தவுக்கே கட்டை விரலைக் காட்டினார்.

கிராணி தொண்டையைச் செருமினார். "சார், நான் கையால எண்ணுனப்ப எண்பத்தஞ்சு வந்துச்சு."

"கையால எண்ணுனா அப்படித்தான் வரும் கிராணியாரே. ஒங்க கையில எத்தன விரலுன்னு இன்னொரு தடவ எண்ணிப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கிராணியும் சிரித்தார். நானும் சிரித்தேன். முப்பது வருடம் அந்த மக்களின் பெயரை எழுதியவர் ஒரு எண் சொல்கிறார். மூன்று நாளில் எழுதிய என் விதி இன்னொரு எண் சொல்கிறது. எங்கள் எண் கட்டி முடித்த வீடுகளோடு பொருந்தியது. அதனால் அது சரி.

"சாம்பிளுக்கு ஒன்னத் திறங்க. மாரிமுத்து, ஒங்களோடதயே பாத்துருவோம்."

அந்த நேரத்தில்தான் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பூவாயி அக்கா தட்டோடு வந்தார். நான் கருப்பன் என்ற தலைப்பைச் சொடுக்கினேன். நான்கு வரிகள் விரிந்தன. கருப்பன். பச்சையம்மாள். மாரிமுத்து. பூவாயி.

"இவங்க நாலு பேரும் ஒங்க குடும்பந்தானே?"

"ஆமா சார்" என்றார் மாரிமுத்து. "அப்பா, அம்மா, நானு, அக்கா. எங்க அக்காதான் இந்தா ஒங்களுக்குத் தே ஊத்துது."

"அப்படியா? தே நல்லா இருக்கும் போல." மேலாளர் சிரித்தார்.

"அக்கா, ஒன் பேரு திரையில இருக்கு பாரு" என்றார் மாரிமுத்து.

பூவாயி அக்கா திரும்பிப் பார்த்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு வருடம் மட்டும் படித்தவர். திரையில் இருந்தது மலாய் எழுத்து. "எனக்கு எங்கடா அந்த எழுத்தெல்லாம். நீ பாத்தா சரி" என்றார். பிறகு என் கோப்பையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பை மேசையில் பட்ட சத்தத்தோடு தெரிந்தது. லெட்சுமணன் இறந்ததும் பேரேட்டிலிருந்து அவர் பெயரை எடுத்திருப்பார்கள். அப்படியானால் பூவாயி அக்காவின் வரியில் துணைவர் பத்தி காலி. காலி என்றால் என் விதி என்ன சொல்கிறது? துணை இல்லாதவர்கள் அப்பா பேருக்குக் கீழ். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை, தன் பெயரில் மரம் வெட்டியவரை, பத்தொன்பதாம் நம்பர் வீட்டுக்காரியை, கல்யாணம் ஆகாத பிள்ளையாக்கி அப்பா வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது. கிராணியின் எண்பத்தைந்தாவது குடும்பம் என் பக்கத்தில் நின்று கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"சார், ஒரு நிமிஷம்." இந்த மூன்று வார்த்தைகள் என் வாயில் தயாராக இருந்தன. லீடர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதையோ கண்டு, தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. புதன்கிழமை ஞாபகம் வந்தது. தவுக்கே கண்ணாடியைத் துடைத்தது ஞாபகம் வந்தது. இதுவும் அந்த மாதிரி ஒன்றாக இருந்தால்? துணைவர் பத்தியை நான் கண்ணால் பார்க்கவில்லையே. முதலில் சரிபார்த்துவிட்டு, சாயந்திரம் சொல்லலாம். வாயை மூடிக்கொண்டு தேயைக் குடித்தேன். சீனி கம்மியாகத்தான் இருந்தது.

தலைப்புகள் மட்டும் இரண்டு பக்கத்தில் அச்சாகி வந்தன. மேலாளர், கிராணி, மாரிமுத்து, லீடர் நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் பூவாயி என்ற பெயரே இல்லை. கருப்பன் குடும்பம், நான்கு பேர் என்று மட்டும் இருந்தது.

சாயந்திரம் துணைவர் பத்தியைத் திறந்து பார்த்துவிட்டு லீடரிடம் சொன்னேன். இரண்டு பேரும் தவுக்கேயிடம் போனோம். அவர் கேட்டார், யோசித்தார், மலாயில் சொன்னார்: நாம் மென்பொருள் செய்கிறவர்கள், வீடு கொடுக்கிறவர்கள் இல்லை, இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். லீடர் மேலாளருக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"கையெழுத்து ஆயிருச்சேம்மா. எண்பத்தஞ்சாவது வீட்டுக்கு நான் எங்க போறது?"

"சார், அவங்க தனிக் குடும்பம்."

"புருஷன் இல்ல. அப்பா வீடு இருக்கு. மூணு ரூமு. எல்லாரும் ஒன்னா இருக்கட்டுமே, என்ன கொறைஞ்சு போச்சு? ஒங்க கம்ப்யூட்டரே அப்படித்தானே சொல்லுது."

கணினிக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? புருஷன் போனால் அப்பா வீடு என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அது என் மண்டையில் இருந்தது. விதி எழுதும்போது தானாக விரல் வழியாக இறங்கிவிட்டது. நான் யோசித்து எழுதவில்லை. யோசிக்காமல் எழுதியதைத்தான் அன்றைக்கு எல்லோரும் சரி என்றார்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் அசிங்கம். பூவாயி அக்காவிடம் நான் சொல்லவில்லை. லீடர் நில நிறுவனத்தின் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார், ஒருவேளை மாற்றிவிடுவார்கள், அதற்குள் எதற்கு அவரைப் பயமுறுத்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் அவர் தே கொண்டுவந்து வைத்தார். ஒன்பது நாள் குடித்தேன். நடுவில் ஒரு நாள், புது வீட்டுக்குப் பச்சைக் கலர் திரைத்துணி நல்லா இருக்குமா என்று கேட்டார். நல்லா இருக்கும் அக்கா என்றேன்.

பத்தாவது நாள் ஒரு கடிதத்தோடு வந்தார். அறுபது நாளில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. புது வீட்டு எண் எதுவும் இல்லை. மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். தே கலக்கும் மூலையில் நின்று, கடிதத்தை என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, பேரு இருக்குன்னு சொன்னியே."

"இருந்துச்சு அக்கா."

"எங்க இருந்துச்சு?"

சொன்னேன். விதி, பத்தி, தலைப்பு எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் கொதித்து அணைந்தது.

"நான் என்ன கன்னிப் பொண்ணா, அப்பா வீட்டுல கொண்டுபோய் விட? எம் புருஷன் செத்துட்டாரு. நான் சாகலியே."

"தெரியும் அக்கா."

"எப்பத் தெரியும்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அன்னிக்கே தெரியுமா? நான் ஒனக்குத் தே வச்சப்பவே தெரியுமா?"

தலையாட்டினேன். அவர் என் கோப்பையை எடுத்தார். கழுவினார். கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு அந்த ஆபீசில் எனக்கு அவர் தே கொண்டுவரவில்லை. மாத முடிவில் வேலையை விட்டார்.

மாரிமுத்து என்னைத் தேடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். மோட்டார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதார். "அண்ணே, நான் பொய் சொல்லல. ஒங்க குடும்பமான்னு அவரு கேட்டாரு. என் அக்காவ என் குடும்பம் இல்லேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவர் சொன்னது உண்மை. அந்த அறையில் யாருமே பொய் சொல்லவில்லை. பேர் இருக்கா, இருக்கு. குடும்பமா, ஆமாம். எத்தனை, எண்பத்து நாலு. கேட்டதற்கெல்லாம் உண்மையான பதில்தான் வந்தது. கேட்க வேண்டியதை ஒருவரும் கேட்கவில்லை. கிராணியிடம் பிறகு விசாரித்தேன். "இறந்தவங்க பேர எடுத்துடச் சொன்னாங்க, எடுத்துட்டேன். அதுல ஒரு பொம்பளையோட வீடும் சேர்ந்து போவும்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. காலியான பத்தி என்றால் என்ன அர்த்தம் என்று தீர்மானித்தது நான்.

நில நிறுவனத்துக்குப் புகார் போனது. லீடர்தான் உட்கார்ந்து எழுதினார், திரையைப் படம் எடுத்து இணைத்தார். அந்த விதியை எழுதியது நான், அது தவறு என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நில நிறுவனம் மென்பொருளின் பிழை என்றது. தவுக்கே, கொடுத்த பேரேட்டின் பிழை என்று பதில் எழுதினார். இரண்டு கடிதங்களும் ஒன்றையொன்று மாறி மாறிக் காட்டிக்கொண்டே ஒரு வருடம் ஓட்டின. அதற்குள் லயத்தை இடித்தாகிவிட்டது. பூவாயி அக்கா அப்பாவின் புது வீட்டில் ஏழு மாதம் இருந்தார். மாரிமுத்துவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், யாரும் சொல்வதற்கு முன்னால் தானாகவே மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். இப்போது புக்கிட் காத்திலில் ஒரு வாடகை அறை. பள்ளிக்கூட கேன்டீனில் வேலை.

கடைசியில் வீட்டுக்குப் பதில் பதினெட்டாயிரம் மலேசிய வெள்ளி, மாதம் அறுநூறாகத் தருவதாக நில நிறுவனம் ஒத்துக்கொண்டது. வீட்டின் விலையைக் கேட்காதீர்கள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வார்?

நான் வேலையை விட்ட நாளில் லீடரிடம் கேட்டேன். "அன்னிக்கு நான் கையத் தூக்கியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "ஒக்காருங்கன்னுதான் சொல்லியிருப்பேன் அண்ணே. ஆனா நீங்க தூக்கியிருக்கணும்."

வருடக்கணக்கில் எனக்கு யாரும் சொன்னதில் இதுதான் நேர்மையான வார்த்தை. உங்களுக்கும் இதையே கொடுக்கிறேன். உங்களை உட்காரச் சொல்லுவார்கள். தூக்குங்கள்.

உங்களில் யாராவது என்னைப் போலப் பயந்த சுபாவம் உள்ளவராக இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயப்படுகிறவன் கவனமானவன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்ப்பதால் நான் பொறுப்பான ஆள் என்று. பொய். நான் பயந்ததெல்லாம் என்னைப் பற்றி. என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ, என்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ. ஐசி எண்ணுக்கும் மொத்தத்துக்கும் நான் கத்தியதும் அதற்காகத்தான், என் தலை தப்ப. இன்னொருத்தருடைய தலைக்குமேல் இருந்த கூரை போகிறது என்று உண்மையாகத் தெரிந்த அந்த ஒரு நிமிடத்தில் எனக்குக் குரல் இல்லை. அதையெல்லாம் திங்களும் புதனும் செலவழித்திருந்தேன்.

வேலை முறையில் நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். யாரை யாரோடு சேர்ப்பது என்பதை நான் பெயரைப் பார்த்து ஊகிக்கவில்லை. அந்த ஆட்களிடமே கேட்டு எழுதி வாங்கிய எண் இல்லாமல் வேலையைத் தொடவில்லை. காலியான பத்தியைக் காலி என்றே தனியாகக் காட்டினேன், எதன் கீழும் தள்ளவில்லை. கையெழுத்துக்குப் போகும் காகிதத்தில் எல்லாத் தலைப்பையும் திறந்துதான் அச்சடித்தேன். எண்பது பக்கம் வந்தாலும் சரி, காகிதம் வீண் என்று தவுக்கே முகம் சுளித்தாலும் சரி. இதெல்லாம் செய்தேன். இதில் ஒன்றாவது பூவாயி அக்காவுக்குப் பயன்பட்டதா என்றால், இல்லை.

இழப்பீட்டுப் பட்டியலுக்கும் நாங்கள்தான் பக்கம் செய்தோம். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க மட்டும் எனக்கு ஒரு நுழைவு அனுமதியை லீடர் விட்டுவைத்திருக்கிறார். அதில் தலைப்பு இப்போது சரியாக இருக்கிறது: பூவாயி குடும்பம், இரண்டு பேர். திறந்தால் அவரும் மகளும். பதினொரு மாதம் அறுநூறு ஏறியது. பிறகு நில நிறுவனம் பெயர் மாறியது, ஆட்கள் மாறினார்கள், புதிதாக வந்தவர்கள் பார்க்கிறோம் என்றார்கள். பன்னிரண்டாவது வரி இன்னும் வரவில்லை.

என்னோடு அவர் பேசாமல் இருந்தது இரண்டு வருடம். பிறகு ஒரு நாள் போன் வந்தது. அதன் பின் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் வருகிறது. நலம் விசாரிப்பு கிடையாது. அந்த எழுத்து அவருக்குத் தெரியாது, மகளிடம் கேட்டால் அவள் மனசு கெட்டுப்போகும், அதனால் என்னிடம் கேட்கிறார். நான் பக்கத்தைத் திறக்கிறேன். தலைப்பைப் படித்துக் காட்டுகிறேன், பிறகு கீழே உள்ள ஒவ்வொரு வரியையும்.

"தம்பி, ஏதாச்சும் ஏறியிருக்கா?"

"இல்ல அக்கா."

"நல்லா பாத்தியா?"

"நாலு தடவ பாத்துட்டேன் அக்கா."

"இன்னும் எவ்ளோ பாக்கி நிக்குது?"

"பதினோராயிரத்து நானூறு வெள்ளி."